நகத்திடுக்கில் நீலம்

கடற்சிலந்திக்கு உடம்பு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. எட்டுக் கால்கள் ஓரிடத்தில் கூடி, 'நடுவில் ஏதாவது இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும்' என்று பயந்து ஒரு துண்டை வைத்துக்கொண்டதுபோல இருக்கும். அந்தத் துண்டில் குடலை வைக்க இடம் போதாது. கிட்டங்கி இல்லாத கடைக்காரன் மூட்டைகளை விறாந்தையில் அடுக்குவதுபோல, அது தன் குடலைக் கால்களுக்குள் இறக்கி வைத்திருக்கும். மூச்சு விடத் தனியாக ஓர் உறுப்பு இல்லை. தோலே அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துதிக்கை. முதுகில் சின்ன மேடு கட்டி, அதன்மேல் நாலு கண். முட்டை இடுவது பெண். அதை வாங்கிக் குஞ்சு பொரிக்கும்வரை சுமந்து திரிவது ஆண், அதற்கென்றே உள்ள இரண்டு சின்னக் கால்களில். எல்லாக் கால்களையும் விரித்து நின்றாலும் ஆள் ஓர் உழுந்தளவுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு சிக்கனமாகக் கட்டிய பிராணியின்மேல் சுருட்டு முதலாளி சீவரத்தினத்தின் மகளுக்குப் பிரியம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அருந்ததி சென்னைக்குப் போய் விலங்கியல் படித்து வந்தவள். மானிப்பாய்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். காலையில் பஸ்ஸில் போய், பின்னேரம் பஸ்ஸில் வந்து, வண்ணார்பண்ணை வீட்டின் முன்னறையில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்திவிடுவாள். பின்வளவில் சுருட்டுக் கொட்டில். முன்னறையில் பூச்சி, பின்னால் புகையிலை. நடுவில் சீவரத்தினம், இரண்டிலும் மூக்கை நுழைத்தபடி.

முதற் சிலந்தி அவளுக்குக் கிடைத்தது லூர்த்தம்மாவின் மீன்கடகத்தில். லூர்த்தம்மா பாசையூரில் இருந்து மீன் கொண்டுவருபவள். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் அந்த வீட்டுக் குசினிவாசலில் அவள் குரல் கேட்கும். ஒருநாள் நண்டின் காலில் சுற்றிக்கொண்டு வந்த பாசிக்குள், ஆழமில்லாத பரவைக்கடலில் மீனை அடைத்துப் பிடிக்க நட்ட களங்கட்டித் தடியில் வளரும் நூல்போன்ற பாசிக்குள், அது மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தது. அருந்ததி அதைச் சென்னைப் புத்தகங்களில் தேடினாள். இல்லை. காலை எண்ணினாள், கணுவை எண்ணினாள், துதிக்கையை அளந்தாள். எங்கும் இல்லை. அதுவரை ஒருவரும் பேர் வைக்காத பிராணி.

பேர் வைக்கமுன் ஊர் தெரிய வேண்டும். இது எங்கெங்கே வாழ்கிறது? பாசையூரில் மட்டுமா, யாழ்ப்பாணக் கரை முழுக்கவா? ஒரு பெண்பிள்ளை கடற்கரை கடற்கரையாகப் போய்ப் பாசி சுரண்டுகிற காலமில்லை அது. வருசம் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு. வண்ணார்பண்ணை இன்னும் அவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. ஆனால் லூர்த்தம்மாவின் புருசன் யாகோப்புக்கு ஒரு பாய்வள்ளம் இருந்தது. மீன் படுகிற நாளில் மீன், படாத நாளில் உப்பும் ஓலையும் சுண்ணாம்பும் ஏற்றிக்கொண்டு அது கரை முழுக்கத் திரிந்தது.

"உங்கடை மனிசன் போற ஊரிலையெல்லாம் இந்தமாதிரிப் பாசி கிடந்தால் வழிச்சு, கடற்தண்ணியோடை ஒரு போத்திலுக்கை போட்டுக் கொண்டுவந்து தரட்டும்" என்றாள் அருந்ததி. "ஒரு போத்திலுக்கு ஒரு கட்டுச் சுருட்டு. இதுக்கு முதல் வராத ஊர் எண்டால் ரண்டு கட்டு."

"பாசிக்கோ சுருட்டு?" லூர்த்தம்மா கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அந்த மனிசன் இவ்வளவு காலமும் பாசியைச் சுரண்டி எறிஞ்சுபோட்டெல்லோ திரியுது. ஒருத்தரும் ஒரு பீடி குடுக்கேல்லை."

"ஊர் சரியாச் சொல்ல வேணும். எந்த ஊரிலை எடுத்தது எண்டு தெரியாட்டிச் சுருட்டில்லை."

"அவர் பொய் சொல்லார் பிள்ளை. மீன் விக்கிறது நான். பொய் சொல்லுற வேலை முழுக்க என்ரை பங்கிலைதான் வரும்."

பின்கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சீவரத்தினத்துக்கு மகளைப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. புகையிலை வாங்கப் போனால் அவரும் கேட்பது அந்த ஒரே கேள்விதான்: எந்த ஊர் இலை? உரும்பிராய் என்றால் ஒரு விலை, மற்ற ஊர் என்றால் வேறு விலை. படிப்பு சென்னையில் என்றாலும் கேள்வி கொட்டிலில் பழகியதுதான்.

போத்தில்கள் வந்தன. பாசையூருக்குப் பிறகு மண்டைதீவு. பிறகு ஊர்காவற்றுறை. காங்கேசன்துறை. கடைசியில் பருத்தித்துறை. ஒவ்வொரு போத்திலிலும் நூற்பாசி. ஒவ்வொரு பாசியிலும் சிலந்தி. அருந்ததி சுவரில் தொங்கிய தேசப்படத்தில் ஒவ்வோர் ஊரிலும் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்தாள். பரவைக்கடலில் உள்ளதுக்கும் திறந்த கடலில் உள்ளதுக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. நீந்தத் தெரியாத, நடப்பதிலும் அவசரம் காட்டாத ஒரு சீவன் இவ்வளவு தூரம் எப்படிப் பரவியது? அதற்கு அவள் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். ஆதிகாலத்துக் கடலில் தொடங்கி, கேட்பவருக்குக் கொட்டாவி வரும் இடத்தில் முடியும் விளக்கம்.

கொழும்பில் விஞ்ஞானக்காரர் கூடுகிற ஒரு சபை அவளை வந்து கட்டுரை வாசிக்கச் சொன்னது அந்தச் சிவப்புப் பொட்டுகளுக்காகத்தான். ஒரு குளத்துக்குள் புதிதாக ஒரு பூச்சி என்றால் அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கரை முழுக்க, உப்புக் கூடிய தண்ணீரிலும் குறைந்த தண்ணீரிலும், ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒரு பூச்சி என்றால் அது சங்கதி. அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கு அந்த மேடையில் அதுவரை அரை நிமிசமும் கிடைத்ததில்லை. சனிக்கிழமை றெயில். வாசிப்பது நன்றாக அமைந்தால் பெயர் வைக்கும் உரிமையும் அவளுக்கு. அமையாவிட்டால் சுருட்டு முதலாளியின் மகள் சுருட்டு முதலாளியின் மகளாகவே திரும்பி வருவாள்.

சீவரத்தினம் பெரியகடை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். "என்ரை சுருட்டு போகாத ஊருக்கெல்லாம் என்ரை பிள்ளையின்ரை பூச்சி போயிருக்கு. ஊருக்கு ஊர் ஏசென்சி!"

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அருந்ததி கடைசிப் படத்தைக் கீறக் குந்தினாள். கால் நுனியில் உள்ள நகம். அதைத்தான் அவள் கடைசிக்கு விட்டிருந்தாள். ஒவ்வொரு சிலந்தியையும் கண்ணாடியில் வைக்கமுன் மெல்லிய தூரிகையால் துடைப்பது அவள் வழக்கம். கொட்டிலில் புகையிலைச் சிப்பம் வந்தால் முதல் வேலை மண்ணைத் தட்டுவது. தட்டாமல் இலையைப் பார்ப்பவன் மண்ணுக்கும் சேர்த்து விலை கொடுப்பான். சின்ன வயதிலிருந்தே கண்டு வளர்ந்த அந்தப் பழக்கத்தைச் சிலந்திக்கும் செய்தாள். அழுக்கைத் தட்டு, பிறகு சாமானைப் பார்.

அன்றைக்குத் தூரிகையைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் கொட்டிலில், சுருட்டுப் பெட்டிக்கு லேபல் ஒட்டும் பசைக் கோப்பைக்குள், கல்லுப்போல இறுகி நின்றது.

"ஐயா! என்ரை பிறஸ் எடுத்தது ஆர்?"

"ஆர் எடுத்தால் என்ன, நல்ல பிறஸ்" என்றார் சீவரத்தினம். "சென்னைச் சாமான். லேபல் சுருங்காமல் ஒட்டுது."

அதற்குமேல் பேசிப் பிரயோசனமில்லை என்று, அருந்ததி பருத்தித்துறைப் போத்திலில் இருந்து ஒரு சிலந்தியைத் துடைக்காமலே எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். நகம் வளைந்து, ஒரு கொக்கிபோல இருந்தது. நகத்துக்கும் காலுக்கும் நடுவில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. நீலம். வானத்தின் நீலமுமில்லை, கடலின் நீலமுமில்லை. ஓரம் கூரான, தட்டையான ஒரு செதில். ஊசியால் தொட்டாள், உடைந்தது. இந்தச் சீவனுக்குச் சொந்தமான எதுவும் அப்படி உடையாது. இது பூச்சு. வண்ணப்பூச்சு.

காங்கேசன்துறைப் போத்திலில் துடைக்காத சிலந்திகள் இன்னும் இருந்தன. ஒன்றை எடுத்தாள். நீலம். ஊர்காவற்றுறை. நீலம். மண்டைதீவுப் போத்திலைத் திறந்தாள். அதில் நீலம் இல்லை. நகத்தில் மரநார் ஒன்று சிக்கியிருந்தது. பாசையூரிலும் நீலம் இல்லை.

மூன்று ஊர், மூன்று கடல், ஒரே நீலம். எத்தனை சிலந்தியின் நகத்தை அவள் எவ்வளவு அக்கறையாகத் துடைத்து, அந்தத் தூசியை எவ்வளவு சுத்தமாக யன்னலுக்கு வெளியே ஊதியிருப்பாள்!

அந்த நேரம் பார்த்துக் குசினிவாசலில் லூர்த்தம்மாவின் குரல். "பிள்ளை, திரளி இருக்கு! சுறுக்கா வாங்கோ, மற்ற வீடுகளுக்கும் போகவேணும்."

"லூர்த்தம்மாக்கா, இஞ்சை ஒருக்கால் வாங்கோ. இதுக்குள்ளை பாருங்கோ."

லூர்த்தம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது எங்கடை மாதாவின்ரை நீலமெல்லோ!"

"என்ன?"

"போன திருநாளுக்குச் சொரூபத்துக்குப் பூசினது. கொழும்பிலையிருந்து எடுப்பிச்ச பெயின்ற். மிஞ்சினதைச் சுவாமியார் என்ரை மனிசனுக்குக் குடுத்தார். அந்த மனிசன் என்ன செய்தது தெரியுமோ? மேற்பலகைக்குப் பூசினாலும் நாலு பேர் பாத்து வடிவு எண்டுவினம். அடிக்குப் பூசிச்சுது! தண்ணிக்குக் கீழை! மாதாவின்ரை நீலத்தை ஆரும் அடியிலை பூசுவினமோ எண்டு ஊரே பேசிச்சுது. கடல் வந்து இடிக்கிறது அடியிலைதானே, காவல் அங்கைதான் வேணுமெண்டு ஒரே பிடி."

"வேறை ஆற்றையும் வள்ளத்திலை இந்த நீலம் இருக்கோ?"

"இன்னொரு விசரன் எங்கடை ஊரிலை இல்லைப் பிள்ளை. அதுவும் இண்டைக்கு வரைக்கும்தான். வள்ளத்தைக் கரையிலை ஏத்திச் சுரண்டி, ஓலை கொழுத்திச் சுட்டு, தார் பூசப்போறார். நான் வரேக்கையே உருளை வைச்சிழுத்துக்கொண்டு நிண்டவை."

அருந்ததி திரளியை விலை பேசவில்லை. அந்த வீட்டில் அது முன்பு நடக்காத காரியம்.

ஒற்றை மாட்டுத் திருக்கல் பாசையூருக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன்னால் லூர்த்தம்மாவும் கடகமும். பின்னால் அருந்ததியும் பூதக்கண்ணாடியும். நடுவில் குடையை ஊன்றிப் பிடித்தபடி சீவரத்தினம். மகளை மட்டும் கடற்கரைக்கு அனுப்பக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பேரம் நடக்கப்போகும் இடத்தில் தான் இல்லாமல் இருக்க முடியாது என்பது சொல்லாத காரணம்.

வள்ளம் மணலில் சரிந்து கிடந்தது. நீலம் அங்கங்கே கிழிந்து, அதன்மேல் சிப்பியும் பாசியும் தடித்திருந்தன. யாகோப்பு கத்தியைக் கையில் எடுத்துவிட்டான்.

"யாகோப்பு அண்ணை, பொறுங்கோ! சுரண்டாதேங்கோ!"

யாகோப்பு நிமிர்ந்து பார்த்தான். "என்ன ரீச்சரம்மா இது? இவ்வளவு நாளும் சுரண்டச் சொல்லிச் சுருட்டுத் தந்தியள். இப்ப சுரண்டாமல் இருக்கவும் தரப்போறியளோ?"

"காங்கேசன்துறைப் போத்தில். அந்தப் பாசி எங்கை எடுத்தனீங்கள்?"

"காங்கேசன்துறையிலை."

"காங்கேசன்துறையிலை எங்கை?"

"வெளிச்சவீட்டுக்கு நேரை. சுண்ணாம்பு இறக்கிப்போட்டு நங்கூரம் போட்டுக் கிடந்தனாங்கள்."

"அண்ணை, எதிலை இருந்து எடுத்தனீங்கள்?"

யாகோப்பு வள்ளத்தின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டினான். "இதிலைதான். வேறை எதிலை? நீங்கள் காட்டின பாசி இதிலை நல்லாப் பிடிச்சுக் கிடந்துது. குதிச்சன், வழிச்சன், போத்திலுக்கை போட்டன்."

"பருத்தித்துறை?"

"அங்கையும் இதிலை."

"ஊர்காவற்றுறை?"

"இதிலை."

"மண்டைதீவு?"

"அண்டைக்கு வள்ளம் மணலிலை ஏறிக் கிடந்துது. இறங்கி நடந்துபோய்க் களங்கட்டித் தடியிலை வழிச்சனான். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே!" யாகோப்புக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "எந்த ஊர் எண்டு கேட்டியள். ஊர் சொன்னன். காங்கேசன்துறையிலை எடுத்ததைப் பருத்தித்துறை எண்டு சொன்னனானோ? மாதாவாணை, ஒரு போத்திலும் ஊர் மாறேல்லை. வீட்டிலை இருந்துகொண்டே அஞ்சு போத்தில் நிரப்பியிருக்கலாம். நான் அப்பிடிச் செய்யேல்லை. அந்தந்த ஊருக்குப் போய், அந்தந்தத் தண்ணியிலை இறங்கித்தான் எடுத்தனான்."

முதலில் சிரித்தது சீவரத்தினம். குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "உவனிலை பிழையில்லைப் பிள்ளை. நீ கேட்டது எங்கடை கேள்வி. எந்த ஊர் இலை எண்டு கேட்டால் எங்களுக்குக் காணும். புகையிலை ஊர் விட்டு ஊர் நடக்காதெல்லோ, அதாலை காணும். உன்ரை பூச்சி வள்ளத்திலை ஏறி ஓசியிலை ஊர் பாத்திருக்கு!"

அருந்ததிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மணலில் முழங்காலூன்றி, பூதக்கண்ணாடியை அடிப்பலகையோடு பிடித்துப் பார்த்தாள். வள்ளத்தின் அடிமரமான ஏராவில், ஈரம் காயாத ஓரத்தில், பாசிக்குள், அவை இருந்தன. நகத்தால் மாதாவின் நீலத்தை இறுக்கிக்கொண்டு, கடலே ஏன் நின்றுபோனது என்ற யோசனை இல்லாமல். ஒன்றின் வயிற்றடியில் முட்டைகள் சின்ன வெள்ளை உருண்டைகளாகத் திரண்டிருந்தன. பருத்தித்துறைக்குப் போய், காங்கேசன்துறைக்குப் போய், குடும்பத்தையும் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்த ஆண்.

"என்ன அது, கட்டிபோலை?" லூர்த்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"முட்டை. பெண் இட்டுப்போட்டுப் போயிடும். ஆண்தான் சுமக்கும்."

"ஆம்பிளையோ!" லூர்த்தம்மா புருசன் பக்கம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, கத்தியை வைச்சிட்டு இதை வந்து பாருங்கோ. ஏழு பெத்தன், ஒண்டையாவது ஒரு நாள் தூக்கினியளோ? உழுந்தளவு பூச்சி, அதுக்கிருக்கிற அறிவு!"

"அதுக்குப் பத்துக் கால் இருக்கடி" என்றான் யாகோப்பு. "எனக்கு ரண்டு."

சீவரத்தினம் மகளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். சந்தையில் முக்கியமான விலை பேசும்போது வரும் குரல் அவருக்கு வந்துவிட்டது.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன், கேள். உவன் பொய் சொல்லேல்லை. நீயும் பொய் சொல்லேல்லை. போத்திலிலை எழுதின ஊரும் பொய்யில்லை. ஒருத்தரும் பொய் சொல்லாத சாமான் இது. இதை ஏன் நாங்களே விலை குறைச்சு விக்கவேணும்? கொழும்பிலை இருக்கிறவன் பருத்தித்துறைக்கு வந்து கடலுக்கை குதிச்சுப் பாக்கப்போறானோ?"

"அரைமணித்தியாலம் தந்தது அந்தப் பொட்டுகளுக்குத்தான் ஐயா. அது எனக்கும் தெரியும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். பெரியகடை முழுக்கச் சொல்லிப்போட்டன்."

அருந்ததி கடலைப் பார்த்தாள். மண்டைதீவு அங்கே, கைக்கெட்டும் தூரத்தில்போலத் தெரிந்தது. அவளுடைய பூச்சியின் முழு இராச்சியமும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் அடங்கிவிட்டது.

"உரும்பிராய்ச் சிப்பத்துக்குள்ளை வேறை ஊர் இலையைக் கலந்து ஒருத்தன் கொண்டந்தால் எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்?"

"மோந்து பாத்தால் தெரியும்."

"கொழும்பிலையும் மோந்து பாக்கிற ஆக்கள் இருப்பினம் ஐயா. இண்டைக்கு இல்லாட்டி அடுத்த வருசம் ஒருத்தன் பருத்தித்துறையிலை பாசி வழிச்சுப் பாப்பான். ஒரு பூச்சியும் இராது. அண்டைக்கு அந்தப் பூச்சியோடை என்ரை பேரும் போயிடும். பேந்து நான் எதைக் கொண்டுபோனாலும் சிப்பத்தைப் பிரிக்கமுன்னமே மோந்து பாப்பினம்."

சீவரத்தினம் குடையின் நுனியால் மணலில் ஒரு வட்டம் கீறினார், பிறகு அழித்தார். வாங்குபவன் ஒருமுறை மோந்துவிட்டால் அந்தக் கடையின் கதி என்ன என்பதை அவருக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"பேந்து என்னத்தை வாசிக்கப்போறாய்?"

"உள்ளதை. பாசையூரிலையும் மண்டைதீவிலையும் இருக்கு. வேறை ஊரிலை இருக்கோ எண்டு தெரியாது. ஆனால் வள்ளத்தின்ரை அடியிலை பிடிச்சுக்கொண்டு திறந்த கடலுக்குப் போய், சாகாமல், முட்டையும் சுமந்துகொண்டு திரும்பி வருது."

"அது எவ்வளவு நேரம் வரும்?"

"அரைமணித்தியாலம் வராது."

"ம்" என்றார் சீவரத்தினம். நட்டம் என்று முடிவான சிப்பத்தை இறக்கி வைக்கும்போதும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அருந்ததி யாகோப்பிடம் திரும்பி வந்தாள். "அண்ணை, முழுக்கச் சுரண்டாதேங்கோ. ஏராவடியிலை ஒரு துண்டு விடுங்கோ. நான் கொழும்பாலை வந்து, இதுகள் இனி எங்கையாவது இறங்குதோ எண்டு பாக்கவேணும்."

"எவ்வளவு துண்டு?"

"ஒரு முழம்."

"ஒரு முழமோ! பாசியோடை விட்டால் வள்ளம் எருமைமாடு மாதிரி இழுக்கும் ரீச்சரம்மா. நாலு விரற்கிடை."

"ஒரு சாண்."

"ஆறு விரல்."

"ஒரு சாணும் நாலு விரலும்."

"இதென்ன, நான் இறங்க இறங்க நீங்கள் ஏறுறியள்?"

"நீங்கள் ஆறு விரலிலை நிண்டபடியால்தான். ஒரு சாணிலை நிண்டிருந்தால் நானும் அதிலை நிண்டிருப்பன்."

யாகோப்பு சீவரத்தினத்தைப் பார்த்தான். சீவரத்தினம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்குக் கீழே மட்டும் ஒரு சிரிப்பு.

"சரி, ஒரு சாண். அதுக்கு என்ன தருவியள்? சுருட்டு வேண்டாம். வீட்டிலை கிடக்கிறதை ஊதி முடிக்கவே மாரி வந்திடும்." யாகோப்பு தலையைச் சொறிந்தான். "நீங்கள் கொழும்பிலை வாசிக்கேக்கை வள்ளத்தின்ரை பேர் வருமோ?"

அருந்ததி வள்ளத்தின் முன்பலகையைப் பார்த்தாள். வெயிலில் மங்கிப்போன எழுத்தில் 'அடைக்கல மாதா' என்றிருந்தது.

"வரும்."

"சத்தமா வாசிப்பியளோ?"

"சத்தமா வாசிப்பன்."

"அப்ப சரி" என்று யாகோப்பு கத்தியை எடுத்து, ஏராவடியில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பக்கமும் கோடு கிழித்தான். தான் ஒன்றும் கொடுக்காமல் ஒரு பேரம் முடிவதைத் தாங்கமுடியாத சீவரத்தினம், மடியில் இருந்து ஒரு கட்டுச் சுருட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். மாரி வரும் என்று சொன்னவன் அதை வாங்கி மடிக்குள் செருகிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, படத்தில் இருந்த மூன்று சிவப்புப் பொட்டுகளை அருந்ததி சவரப் பிளேடால் சுரண்டி எடுத்தாள். கடதாசியில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. ஆதிகாலத்துக் கடலைப் பற்றிய பக்கங்கள் அடுப்புக்குப் போயின. வீட்டில் அதற்காக ஒருவரும் கவலைப்படவில்லை.

கொழும்பில் அரைமணி நேரம் கால்மணி நேரமாகச் சுருங்கியது. சபைச் செயலாளர், ஊர்கள் குறைந்துபோனதைப் பார்த்ததும், புருவத்தைத் தூக்கி மணிக்கூட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அருந்ததி காலைச் சொன்னாள், குடலைச் சொன்னாள், முட்டை சுமக்கும் ஆணைச் சொன்னாள். பிறகு வாழிடத்துக்கு வந்தாள். பாசையூர், களங்கட்டித் தடி. மண்டைதீவு, களங்கட்டித் தடி. அதன்பின் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, 'அடைக்கல மாதா' என்னும் பாய்வள்ளத்தின் அடிப்பலகை என்றாள். எந்த ஊருக்குப் போனபோது எடுத்தது, அதை எப்படித் தான் பிழையாக விளங்கிக்கொண்டாள், நகத்தில் இருந்த நீலம் யாருடையது, ஒன்றையும் ஒளிக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த வழுக்கைத்தலை மனிதர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து, அந்த வள்ளம் மன்னாருக்குப் போவதுண்டா என்று கேட்டார். தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். அப்படியானால் விசாரித்த பிறகு திரும்ப வாருங்கள், பேர் வைப்பதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

பேர் வைக்காமலே திரும்பி வந்த மகளைச் சீவரத்தினம் றெயிலடியில் வைத்தே கேட்டார். "என்ன சொன்னவை?"

"திரும்பி வரட்டாம்."

"சரக்கைப் பாத்தவன் திரும்பி வா எண்டால் வாங்கப்போறான் எண்டுதான் அர்த்தம்" என்றார் அவர். அன்றைக்கே பெரியகடைக்குப் போய்க் கதையைத் திருத்தியும் சொன்னார்: பிள்ளையின்ரை பூச்சிக்கு இப்ப சொந்தமா வள்ளம் ஓடுது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த நேரம் அருந்ததி பாசையூருக்குப் போனாள். வள்ளம் தார் மணக்கக் கடலில் நின்றது. யாகோப்பு கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே வந்தான்.

"பேர் வாசிச்சியளோ?"

"வாசிச்சனான்."

"சத்தமாவோ?"

"பின்வரிசைக்கும் கேட்டது."

அவன் திருப்தியாக வள்ளத்தைப் பார்த்தான். வள்ளத்திடமும் அந்தச் செய்தியைச் சொல்லுவதுபோல.

"அண்ணை, மன்னாருக்குப் போவியளோ?"

"காத்துச் சரியெண்டால் போவன். ஏன், அங்கையும் போத்திலோ?"

"ஓம். ஆனால் இந்தமுறை எந்த ஊர் எண்டு மட்டும் சொன்னால் காணாது. எதிலை இருந்து எடுத்தது எண்டும் சொல்ல வேணும். வள்ளத்திலையோ, தடியிலையோ, கல்லிலையோ."

யாகோப்பு கொஞ்சம் யோசித்தான். லூர்த்தம்மா பின்னால் நின்று அவன் முதுகில் விரலால் குத்தினாள்.

"ரண்டு கேள்வி" என்றான் யாகோப்பு. "அப்ப ஒரு போத்திலுக்கு நாலு கட்டு."

அருந்ததி மணலில் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பேரம் நீளும் என்று தெரிந்தவளாய், கவிழ்ந்து கிடந்த கடகத்தின்மேல் குந்திக்கொண்டாள்.